கருவாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கமெண்ட்

"ஏலே தம்பி, அவரு மழையில நனைஞ்சா அது நடிப்பு, அந்தப் பிள்ள நனைஞ்சா அது சும்மாவா?" என்று போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் விக்டோரியா அக்கா. மறுமுனையில் யாரும் இல்லை. கையெல்லாம் உப்பு என்பதால் அவர் டைப் செய்வதில்லை. சொல்லச் சொல்லப் போனே எழுதிக்கொள்ளும். 'கேக்கேன்' என்று அவர் சொன்னதை 'கேக் ஏன்' என்று எழுதும். திருத்தமாட்டார். "படிக்கவனுக்குப் புரியும்" என்பார்.

கடலோரத் திரேஸ்புரத்தில் அவருக்கும் கணவர் மெல்வினுக்கும் சொந்தமாக ஒரு கருவாட்டுக் கொட்டகை இருக்கிறது. மீன் வாங்குவதும் கூலி கொடுப்பதும் மெல்வின். தரம் பார்ப்பதும் வியாபாரிகளிடம் விலை பேசுவதும் அக்கா. மெல்வின் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த அகலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அக்கா வெயிலில் நிற்பார். சீலா மீனைக் கீறி, உப்பில் ஊறவைத்து, காயப் போட்டுவிட்டால் பிறகு காக்கை விரட்டுவதுதான் வேலை. ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் அவர் 'வழக்கு' என்று சொல்லும் வாக்குவாதம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

தெருநாய், நீட் தேர்வு, மதுக்கடை, கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், எதையும் விடமாட்டார். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பதில் வரும். காயல்பட்டினத்து நௌஃபல் அவரோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் அக்கா குழுவில் தலைகாட்டாவிட்டால், உடம்புக்கு என்ன என்று முதலில் விசாரிப்பவரும் அவர்தான்.

நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். நடிகர் சம்பளச் சண்டையை முழுக்கப் படித்தேன். பெரிய நடிகருக்கு நூறு கோடி என்றால், அது அவர் முகத்துக்காகத் திரளும் கூட்டத்தின் விலை என்றார் நௌஃபல். கதாநாயகிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, அதே வெயில், அதே ஆட்டம்தானே என்றார் அக்கா. நெடுநேரம் இழுத்த பிறகு, "ஒரே வேலைக்கு ஒரே கூலி. இதுல பேச என்ன இருக்கு" என்று முடித்தார். லைக்குகள் குவிந்தன.

அதன் கீழே ஒரு கமெண்ட் வந்தது. எழுதியவர் செண்பகம், அக்காவின் கொட்டகையிலேயே வேலை பார்ப்பவர். "அக்கா, நீங்க சொல்லுதது சரி. நம்ம கொட்டகைல ஜெபகனி அண்ணனும் நானும் ஒரே கூடையத்தான் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குதோம். அவருக்கு மட்டும் ஏன்க்கா கூலி கூட?"

குழுவை நடத்துபவர் அக்காவைக் கூப்பிட்டு, வேண்டுமானால் அந்தக் கமெண்டை நீக்கிவிடுகிறேன் என்றார். அதுதான் நல்லது என்றார் மெல்வின். இருவரிடமும் அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்றோடு நின்றுகொள் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்துத்தான் மறுநாள் செண்பகம் வேலைக்கு வந்தார். அக்கா கோபத்தை மறைக்கவில்லை.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்லா, ஏளா?"

"கேட்டேன்க்கா. நீங்க அப்ப போன்ல வழக்குப் பேசிட்டு இருந்தீக."

இதை ஜெபகனிதான் பின்னால் என்னிடம் சொன்னார். அந்த வாரம் கூலியை அக்காவே கொடுத்தார், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றுபோல. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மெல்வின் புலம்பினார். "வரட்டும், நான் பேசுதேன்" என்றார் அக்கா. வந்தார்கள். பேசினார். போகும்போது அவர்கள் முகம் சரியில்லை என்றாலும் அக்கா மாற்றவில்லை. லாபம் குறைந்ததுதான்; வியாபாரிகளிடம் இப்போது முன்னைவிடக் கறாராகப் பேரம் பேசுகிறார்.

போன வாரம் நான் சீலாக் கருவாடு வாங்கப் போனபோது வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஊர் நியாயமெல்லாம் இருக்கட்டும், உங்கள் கொட்டகையில் கூலி விஷயம் என்ன ஆயிற்று என்று நௌஃபல் சீண்டியிருந்தார். அக்கா அதைப் படித்துச் சிரித்தார். பதில் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்தினார். போனை முந்தானையில் துடைத்து, மீன் கீறிக்கொண்டிருந்த செண்பகத்திடம் நீட்டினார்.