டாட் காமுக்கு ஓர் அர்ச்சனை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தேன். அப்படிப்பட்டவன் இணையத்தில் கடை போடக் கிளம்பியதற்கு என் மனைவிதான் காரணம். அவள் நெய்கிற சேலைகளை ஊரில் ஒரு பெரிய கடை வாங்கி, தன் பெட்டியில் வைத்து, தன் பெயரில் விற்றுக்கொண்டிருந்தது.

"ஒரு சேலையாச்சும் எம்பேர்ல போவணும்யா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்டிருந்தால் சுலபமாக ஏமாற்றியிருப்பேன்.

பிரவுசிங் சென்டர் நடத்தும் பெண், முதலில் டொமைன் பெயர் வாங்கவேண்டும் என்றாள். வீட்டுக்குக் கதவு எண் மாதிரியாம். ஒரு பெயர் உலகத்தில் ஒருவருக்குத்தானாம். பட்டு, ஜரிகை, காஞ்சி என்று எதை அடித்தாலும் அங்கே ஏற்கெனவே ஆள் குடியிருந்தது. கோயில் பக்கம் வாடகை வீடு தேடுகிற மாதிரி அரை நாள் அலைந்தோம், உட்கார்ந்த இடத்திலேயே. கடைசியில் அந்தப் பெண் என் மனைவி பெயரோடு பட்டைச் சேர்த்து அடித்தாள். காலியாக இருந்தது.

"இப்பவே வாங்கிடுங்கண்ணா, போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தறியில் பாவு ஏற்றவே நாள் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. பெயருக்கு என்ன, காலா இருக்கிறது ஓடிப்போக? மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மன் காதில் போட்டுவிட்டு வாங்கலாம் என்று மனைவியோடு போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன்.

குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். சொன்னேன். புரியவில்லை என்றார். கத்திச் சொன்னேன். டாட் காமுக்கு என்ன நட்சத்திரம் என்றார். என் நட்சத்திரத்தைக் கொடுத்தேன்; அங்கேதான் கெட்டது என்று மனைவி இன்றும் சொல்கிறாள். கோத்திரத்துக்குச் சிவ கோத்திரம் என்று அவரே போட்டுக்கொண்டு, முழுப்பெயரையும் மூன்று முறை முழங்கினார். வரிசையில் நின்றவர்கள் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது மணி பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம். பணம் கட்டும்போது ஓடிபி வருவதற்குள் ராகு வந்துவிட்டால்? பன்னிரண்டு வரை குளத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். அப்புறம் போய்ப் பார்த்தால் பெயர் விற்றுப்போயிருந்தது.  சென்டர் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான். மனைவி வீட்டுக்கு வந்ததும் நேரே தறியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வாங்கியவன் மதியமே வீட்டுக்கு விலை பேச வந்தான். வெளியூர்க்காரர்களை மடக்கிச் சேலைக்கடைகளுக்குக் கூட்டிப்போகும் தரகன். வரிசையில் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான்.

"அய்யரு மூணு வாட்டி சத்தமா சொன்னாருண்ணே. காதைப் பொத்திக்கினா சாமி கும்புடுவாங்க?"

நான் வேட்டியை இறுக்கிக் கட்டினேன். அடிக்க அல்ல, அவிழ்ந்துகொண்டிருந்தது. மனைவி தறியை விட்டு எழாமலே கேட்டாள்.

"எத்தினி மணிக்கு வாங்குன?"

"பதினொண்ணு இருக்கும் அண்ணி."

"ராகு காலத்துலயா? அப்ப நீயே வெச்சிக்கபா. எங்களுக்கு வேணாம்."

தரகன் முகம் செத்துவிட்டது. விலை சொல்லாமலே போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி பஞ்சர். திங்களன்று ஒரு பெங்களூர் குடும்பம் கடை வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது. செவ்வாய்க் காலை எங்கள் வாசலில் நின்றான். போட்ட காசு வந்தால் போதும், பெயரைத் தொலைத்துக்கட்ட வேண்டும் என்றான். மூன்று பேரும் சென்டருக்குப் போனோம்.

அங்கே என் கண் தானாகச் சுவர்க் காலண்டருக்குப் போனது. மனைவி பார்த்துவிட்டாள்.

"நேரம் பாத்துக் கிழிச்சது போதும். இப்பவே மாத்தும்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

மணி ஒன்பதே முக்கால். சுத்தமான எமகண்டம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதல் சேலை கோயம்புத்தூருக்குப் போனது. பெட்டி மேல் அவள் பெயர், கொட்டை எழுத்தில். அனுப்புவது யார் என்று கூரியர்க்காரர் என்னைக் கேட்டார். நான் அவளைக் காட்டினேன்.