மீனாக ஆடியவளின் அப்பாவுக்காக

முதலில் மன்னிப்பு. என் எழுத்து நேராக நிற்காது, வரி போகப்போக மேலே ஏறிவிடும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் சந்தேகம். அஞ்சாவதோடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். தப்பு இருந்தால் படிப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் சிலருக்குச் சங்கடம்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் ஹெல்பராக இருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் எங்கள் ஷாப்புக்குப் புது மிஷின் வந்தது. அதைப் பொருத்த தாய்லாந்திலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குக் கூடமாட வேலை செய்ய என்னைப் போட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது, இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே சரியாக வராது. அதனால் எனக்கு அவரிடம் கூச்சமே வரவில்லை. பேசினால்தானே கூச்சம்.

ஒருநாள் என் டப்பாவில் இருந்த கருவாட்டுக் குழம்பை மோந்து பார்த்துவிட்டுத் தன் தட்டை நீட்டினார். அன்றிலிருந்து என் மனைவி இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். வல்லக்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். நாற்காலி போட்டோம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு என்று கையால் காட்டினார். வேலை முடிந்து போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் வரும். அவர் தன் தட்டைக் காட்டுவார், நான் என் தட்டைக் காட்டுவேன். அதுதான் பேச்சு.

பிறகு கம்பெனியில், ரொம்ப வருஷமாக இருக்கிறவர்களை மனைவியோடு தாய்லாந்துக்கு டூர் அனுப்புவதாகச் சொன்னார்கள். என் பெயரும் இருந்தது. வீடியோ காலில் அவரிடம் சொன்னேன். அவர் பரபரப்பாகி, போனைப் பார்த்து ஏதோ பேசினார். போன் அதைத் தமிழாக்கி, ஒரு பெண் குரலில் சொன்னது: "என் மகள் மேடையில் மீன். நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்து எனக்குச் சொல்லவும்."

எனக்குப் புரியவில்லை. என் பெண் அவருக்கு இங்கிலீஷில் டைப் அடித்துக் கேட்டு விளக்கினாள். அவர் மகள் பாங்காக்கில் ஒரு பெரிய அரங்கில் ஆடுகிறாள். பல வருஷம் பின்வரிசையில் நின்றவள். இப்போதுதான் மீன் ராஜகுமாரி வேஷம் கிடைத்திருக்கிறது. அதுவும் வழக்கமான வேஷக்காரப் பெண் பிரசவத்துக்குப் போயிருப்பதால். அவள் திரும்பி வந்தால் வேஷம் அவளுக்குப் போய்விடும். அப்பாவோ வேறு நாட்டில் வேறு மிஷினோடு கிடக்கிறார், அதற்குள் லீவு கிடையாது. அரங்குக்குள் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள், படம் பிடிக்க முடியாது. மகள் அந்த வேஷத்தில் ஆடியதைப் பார்த்த ஒரு ஆள் தனக்கு வேண்டும் என்கிறார்.

பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

ஆனால் டூர் திட்டத்தில் அந்த ஆட்டமே இல்லை. பாங்காக்கில் தங்குகிற அன்று சாயங்காலம் ஷாப்பிங் என்று போட்டிருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பஸ்ஸில் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவன் நான். டூருக்குத் தலைவர் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். கம்பெனியில் சனிக்கிழமை பூஜையை அவர்தான் நடத்துவார். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது. அவர் இருக்கிற இடத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கடைசியில் வாயைத் திறந்தேன்.

"நீ பேசுவியாப்பா? இத்தினி வருசமா உன்ன ஊமைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. கடலில் குரங்குகள் பாலம் கட்டுகிற கதையும் அதில் வருகிறது என்று என் பெண் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நம் சாமி கதையை அங்கே ஆடுகிறார்களா, அப்படியென்றால் எல்லோரும் போகலாம் என்று அவரே மாற்றிவிட்டார். சனிக்கிழமை வடைமாலை சாத்துகிறோமே, அந்தச் சாமிதான். இந்த இடத்தில் அவர் பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை.

அரங்கத்து வாசலில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அவ்வளவு பெரிய மேடையை நான் பார்த்ததில்லை. மேடையிலேயே மழை பெய்தது. ஆறு ஓடியது, படகு வந்தது. எங்கள் பக்கத்து வழியாக நிஜ யானை நடந்து போனபோது என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, இவளா அவளா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கதை தொடங்கியது. வெள்ளை முகமூடி போட்டு, வால் வைத்து, சாமி குட்டிக்கரணம் அடித்து வந்து நின்றார். எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும்தான். எங்களுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் சிலர், இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று அவர்களும் எழுந்து நின்றார்கள். டார்ச் வைத்திருந்த பையன் ஓடி வந்து, உட்காரச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். சாமியைப் பார்த்த சந்தோஷத்தில் உட்கார்ந்தோம்.

குரங்குகள் கடலில் கல்லைப் போட்டன. போட்ட கல்லை மீன்கள் எடுத்துக்கொண்டு போயின. அந்த மீன்களுக்குத் தலைவியாக, பொன் வால் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அப்பாவின் அகலமான நெற்றி அப்படியே இருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

சாமி அவளைத் துரத்தினார். பிடித்தார். பிறகு அவள் முகவாயைத் தொட்டார். அவள் நழுவினாள், அவர் அசடு வழியச் சிரிக்கிற மாதிரி தோளை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அந்த ஊர்க் கதையில் சாமிக்கு அவள்மேல் ஆசை வந்துவிடுகிறது. அரங்கம் சிரித்தது. எங்கள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண் வாசமே படாத பிரம்மச்சாரி என்றுதான் நாங்கள் அவரைக் கும்பிடுகிறோம்.

சூப்பர்வைசர் எழுந்தார். "எல்லாம் எழுந்திருங்க. சாமிய வெச்சி கேலி பண்றானுங்க. இதப் பாக்கறதே பாவம்."

எல்லோரும் எழுந்தார்கள். இருட்டில் குனிந்து அவரவர் செருப்பைக் காலால் துழாவினார்கள். டூருக்காக எல்லோரும் ஒரே கடையில் ஒரே மாதிரி கறுப்புச் செருப்பு வாங்கியிருந்தோம். கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் எழவில்லை. மேடையில் அவள் இருந்தாள்.

"வாப்பா, பஸ்ஸு கெளம்புது" என்றார்.

"நான் வரல சார்."

"இன்னாது?"

"மிஷினு மாட்ட வந்தாரே, அவுரு பொண்ணு சார் அது. அவருக்கு வாக்கு குடுத்துகீறேன். முடியற வரிக்கும் பாத்துட்டுத்தான் வருவேன். பஸ்ஸு போனா போவட்டும்."

"சாமிய விட தாய்லாந்துக்காரன் ஒசத்தியா பூட்டானா உனுக்கு?"

  கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் போய்விட்டார்.

என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவள் அவள். அவளை இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளே பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீ பாருய்யா. நான் கண்ண மூடிக்கினு கூட உக்காந்துக்கறேன். பாத்தாதான பாவம்."

கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "இன்னா பண்றா இப்ப?" என்றாள்.

அவள் காதோரம் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். விரல்களைப் பின்பக்கமாக வளைக்கிறாள், எலும்பே இல்லாத மாதிரி. காலை வைக்கிறதே தெரியவில்லை, கம்பெனி கிரேனில் தொங்குகிற இரும்பு அச்சு தரையில் உட்காருகிற மாதிரி மெதுவாக வைக்கிறாள். கோபமாக முகத்தைத் திருப்புகிறாள், ஆனால் கண் மட்டும் திரும்பி அவரைப் பார்க்கிறது. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. எனக்குத் தெரிந்த சொல்லை வைத்துச் சொன்னேன். தெரியாத இடத்தில் என் கையாலேயே அவள் கையை வளைத்துக் காட்டினேன்.

மீன் பெண் சுழன்று திரும்பும்போது பொன் வால் ஒரு அட்டைப் பாறையின் முனையில் மாட்டிக்கொண்டது. இன்னொரு அடி வைத்தால் விழுவாள். சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஐயோ, வாலு சிக்கிக்கிச்சி பாரு" என்றாள் என் மனைவி.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. மேடையில் அந்தப் பெண், அதுவும் ஆட்டத்தில் இருப்பது போலவே இடுப்பை எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வாலை விடுவித்தாள். சாமியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு, எடுத்த கற்களையெல்லாம் திரும்பப் போடச் சொல்லி மீன்களுக்குக் கை காட்டினாள். பாலம் எழுந்து நின்றது.

ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் வாசலில் நின்று எல்லோரோடும் படம் எடுத்துக்கொள்வார்களாம். போன் வாங்கும் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வருவதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். படம் கிடைக்கவில்லை. பார்த்தது மட்டும்தான் மிச்சம்.

பஸ் போகவில்லை, காத்திருந்தது. யாரும் எங்களோடு பேசவில்லை. சூப்பர்வைசர் என் காலைப் பார்த்தார், நான் அவர் காலைப் பார்த்தேன். என் செருப்பில் ஒன்று அவரிடம், அவருடையதில் ஒன்று என்னிடம். அங்கேயே கழற்றி மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் காலை ஓட்டல் வராந்தாவில் நின்று அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நான் தமிழில் சொன்னேன், போன் அவர் பாஷையில் ஏதோ சொன்னது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனையே பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் அப்படியே.

இப்படி விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். என் மனைவியிடம் துண்டைக் கொடுத்து, இடுப்பில் பின்பக்கமாக வால் மாதிரி கட்டிவிடச் சொன்னேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டினாள். நான் ஆடிக் காட்டினேன். என் விரல் வளையாது, முட்டி மடங்காது. ஆனால் மேடையில் அந்தப் பெண் எந்த இடத்தில் திரும்பினாள், எங்கே பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். பாதியில் ஒரு கதவு திறந்தது. சூப்பர்வைசர். ஏற்கெனவே சாமி விஷயத்தில் கோபமாக இருப்பவர். வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கேயே உறைந்துபோயிருப்பேன். அன்று நிறுத்தவில்லை. வால் சிக்கிய இடம் இன்னும் வரவில்லையே. துண்டின் முனையை என் மனைவி பிடித்துக்கொண்டாள், நான் இடுப்பைச் சுற்றி விடுவித்துக்கொண்டேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

போனில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரித்தார் என்று நினைத்தேன். பிறகு விரலைச் சுழற்றி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் என்று கேட்டார். செய்தேன். இன்னொரு தரம் கேட்டார். செய்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனிடம் ஏதோ கேட்டார். அது தமிழில் கேட்டது: "என் மகள் விழவில்லை?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

வேஷக்காரப் பெண் திரும்பி வந்துவிட்டாளாம். அவர் மகள் மறுபடி பின்வரிசையில் நிற்கிறாள். அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அன்று பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அங்கே தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துக்கொள்வேன் என்று பலமுறை கேட்டுவிட்டார். என் எழுத்தை நினைத்து இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.

ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.