தபீதாள் கொடுத்த ஒற்றைச் சாவி

என் மனைவி தபீதாள் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 1974இல் தாம்பரம் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் அதில் ஒருத்தி. பெயரைப் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டி அது.

ஒரு சனிக்கிழமை காலை தாம்பரம் மார்க்கெட் வாசலில் ஹேண்டிலைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். காய்கறிப் பையோடு திரும்பியபோது வண்டி இல்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கி, அதை அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

மூன்று மாதம் தேடியும் வண்டி அகப்படவில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்டது. எங்களிடம் இருந்தது ஒன்றுதான். மற்றது முந்தின வருஷமே பூட்டுக்குள் முறிந்துபோனது. முறிந்த துண்டை எடுத்துப் போட்டவர் மெக்கானிக் சவுரிமுத்து.

"இன்னாத்துக்கு சார் பேஜாரு? இன்னொண்ணு வெட்டித் தர்றேன், குடுத்துடு" என்றார் அவர்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தபீதாள் ஒப்பவில்லை.

"இல்லாத சாவியைக் குடுத்தா, அப்புறம் நான் எழுதின எதைங்க நம்புவாங்க?"

சாவி முறிந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி, சவுரிமுத்துவிடமே கையெழுத்து வாங்கி, ஒற்றைச் சாவியோடு அனுப்பினாள். சாவியைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை, ஆகவே பணம் தர இயலாது என்று பதில் வந்தது. 'சவுரிமுத்து அப்போதே சொன்னாரே' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் பள்ளிக்கு லீவு போட்டாள். இருவரும் மின்சார ரயிலேறிக் கம்பெனி ஆபீசுக்குப் போனோம்.

அதிகாரி கஸ்தூரிரங்கன் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முடிவு முடிவுதான் என்றார். தபீதாள் பென்சில் கோடுகள் நிறைந்த பாலிசியை மேஜைமேல் விரித்தாள்.

"திருட்டை உடனே தெரிவிக்கணும், தெரிவிச்சேன். கேட்ட பேப்பரைக் குடுக்கணும், குடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, சொல்லலை. என் கடமை முடிஞ்சுது சார். ஒரு சாவி உடைஞ்சா பணம் கிடையாதுன்னு எந்த கண்டிஷன்ல இருக்கு? நம்பர் போட்டு எழுத்துல குடுங்க, போயிடறேன்."

குரல் உயரவே இல்லை. கஸ்தூரிரங்கன் பாலிசியை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில், ஃபைலை மறுபடி மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

ஆறாவது வாரம் முழுத் தொகைக்கும் செக் வந்தது. இனி வண்டி கிடைத்தால் அது கம்பெனிக்கே சொந்தம் என்று தபீதாள் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். நானாக இருந்தால் சாவியை வெட்டியிருப்பேன் என்று அன்றைக்கு அவளிடம் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றாள்.

விஷயம் பரவியது. பொழிச்சலூரிலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும்கூட பாலிசியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தாயா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கொடுக்காதவர்களை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் தெருமுனையில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"இன்சூரன்ஸ் டீச்சர் வூடு எங்க கீது சார்?"

"வாங்க, நான் அவங்க வீட்டுக்காரர்தான்" என்று கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என்னிடம் ஒரு மாதிரி பயபக்தியோடு பேசிக்கொண்டு வந்தார்.