ஆறடித் தொட்டி வந்த மே மாதம்

எங்கள் வீட்டு ஹாலில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்ததற்கு ஒரே காரணம், நானும் என் மனைவியும் சேர்ந்து வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலில் இதை விளக்கிவிடுகிறேன்.

திருப்பதிக்குக் கடல் அருகில் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் பல வருடங்களாகக் கடல் தண்ணீர் இருந்தது. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலந்து, மூன்றடித் தொட்டி ஒன்றில் பவளங்களும் ஒரு ஜோடி க்ளவுன் மீனும் வளர்த்துவந்தேன். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் கல்லை நினைக்க வேண்டாம். இவை உயிருள்ளவை. விளக்கு போட்டால் விரியும், அணைத்தால் சுருங்கும், தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் நிறம் இழக்கும்.

சின்னத் தொட்டியில் எல்லாம் சீக்கிரம் நடக்கும். கோடையில் தண்ணீர் ஆவியானால் மதியத்துக்குள் உப்பு ஏறிவிடும். மின்சாரம் போனால் மாலைக்குள் தண்ணீர் சூடாகிவிடும். அதனால் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். சித்தூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு என் மனைவி போனால் நான் இருப்பேன். நான் பலமனேருக்கு ஏதாவது காரியமாகப் போனால் அவள் இருப்பாள். எந்த விசேஷத்திலும் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இல்லை. பெரிய தொட்டியில் தண்ணீர் அதிகம். சூடு மெல்ல ஏறும், உப்பு மெல்ல மாறும். குறைகிற தண்ணீரைத் தானே ஊற்றிக்கொள்ளும் கருவியும் வைக்கலாம், குளிர்விக்கும் இயந்திரமும் வைக்கலாம். இரண்டு நாள் பூட்டிவிட்டுப் போகலாம். நான் போட்ட கணக்கு இதுதான்.

போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. தங்கை மகளுக்கு மே மாதம் நிச்சயம். தங்கையின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பெண் வீட்டுப் பக்கம் தட்டு மாற்ற ஒரு ஜோடி உட்கார வேண்டும். எங்கள் வழக்கத்தில் அப்பா அம்மா ஜோடியாக இல்லாவிட்டால் பெரியம்மாவும் பெரியப்பாவும் உட்காருவார்கள். தேதி குறித்ததும் தங்கை எனக்குத்தான் போன் செய்தாள்.

“மாமா, அக்காவ மட்டும் பஸ் ஏத்தி உட்டுட்டு மீனுக்குக் காவல் உக்காந்துகினு இருக்காதீங்க. தட்டு மாத்த ஜோடியா வேணும்.”

“வரோம்மா. ரெண்டு பேருமே வரோம்.”

“பொண்ணு மஞ்சத்தண்ணி சடங்குக்கும் இதேதான் சொன்னீங்க. அக்கா தனியா வந்து நின்னப்போ, வூட்டுக்காரர் இன்னா வெளிநாட்லயான்னு கேட்டாங்க.”

சமையலறையில் என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நறுக்கினாள்.

திருச்சானூர் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் தெலுங்குக்காரர் ஒருவர்தான் தொட்டியைச் செய்து கொடுத்தார். எங்களிடம் தமிழிலேயே பேசுவார். அவசரம் வந்தால் பாதி தெலுங்காகிவிடும். “பெத்த டேங்க் அண்டே டென்ஷன் தக்குவ சார். சின்ன டேங்குதான் ஆள சாவடிக்கும்” என்றார். பெரிய தொட்டி என்றால் கவலை குறைவாம்.

ஹாலில் ஒரே ஒரு சுவரை ஒட்டித்தான் கீழே பீம் இருக்கிறது. அவ்வளவு எடையை வேறு எங்கும் வைக்க முடியாது. அங்கே பழைய தொட்டி இருந்தது. எனவே பழையதைக் காலி செய்த பிறகே புதியதை வைக்க முடியும். பழையதை வாங்க ஒப்புக்கொண்டிருந்த ரேணிகுண்டாக்காரர், புதியது வந்த அன்று காலையே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புதிய தொட்டி மாடிப்படியில் திரும்பவில்லை. பால்கனிக் கம்பியை வெல்டரை வைத்து அறுத்து, கயிறு கட்டி மேலே தூக்கி, உள்ளே வைத்த பிறகு கம்பியைத் திரும்பப் பற்றவைத்தோம். கடைக்காரர் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இனிமே இது வெளிய போவாது சார், நீங்களும் போவ முடியாது” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மீன்களும், பவளங்கள் ஒட்டியிருந்த பழைய பாறைகளும் பிளாஸ்டிக் டப்புகளில் எங்கள் படுக்கையறைக்குப் போயின. ஏசி அந்த அறையில்தான் இருந்தது. புதுத் தண்ணீர் தெளிந்து நிலைப்படும் வரை சில நாட்கள் அங்கே இருக்கட்டும் என்பது திட்டம். நாங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம்.

தண்ணீர் நிரப்பும் அன்று என் மனைவி பூஜை செய்ய விரும்பினாள். எல்லாம் கண்ணாடிக்கு வெளியே என்று சொல்லியிருந்தேன். மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் வெளியேதான். பால் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

தண்ணீர் தெளிந்ததும் சோதனைக்காக நாலைந்து நத்தைகளையும் ஓர் இறாலையும் விட்டேன். உப்பு, சூடு, மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது இறால் மல்லாந்து கிடந்தது. நத்தைகள் கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் மணலில் விழுந்திருந்தன. எல்லா அளவுகளையும் இன்னொரு முறை பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் கடைக்காரர் வந்தார். குனிந்து நத்தைகளைப் பார்த்தார். “காப்பர் ஏதாவது பட்டுச்சா சார்? நத்தையும் இறாலும் மொதல்ல போச்சுன்னா அதுதான்.” அவர் கொண்டுவந்த மருந்தைச் சோதனைக் குழாயில் விட்டதும் செம்பு இருப்பதைக் காட்டித் தண்ணீர் நீலமாக மாறியது. தண்ணீர்க் குழாயில் செம்பு இல்லை, பம்ப்பில் இல்லை, உப்பில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். “காப்பர்னா செம்புதானே?”

“ஆமா.”

“நான் காசு போட்டேன்.”

“இன்னா காசு?”

“ஓட்டக்காசு. பழசு. நீங்க மொட்ட மாடில மணல் கழுவிக்கினு இருந்தப்போ பாறைக்கு அடியில வச்சேன். எங்க ஊட்ல புதுசா தொட்டி கட்டினா காசு வச்சிட்டுதான் தண்ணி உடுவாங்க.”

“கண்ணாடிக்கு உள்ள எதுவும் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?”

“தண்ணிலதான் கூடாதுன்னு நெனச்சேன். மணலுக்குக் கீழ இருந்தா தண்ணி படாதுன்னு...”

“அய்யோ அம்மா!” என்று கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “மணல் இன்னா ரெயின்கோட்டா?” எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினார். போன் வந்ததுபோல பால்கனிக்குப் போனார்.

“எதுக்கு வச்ச?” என்று கேட்டேன்.

“காசு வச்ச தண்ணி தன்னால நிக்குமாம். ஆளு காவல் இருக்க வேணாமாம்.” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க வரணும்னுதான் வச்சேன்.”

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன்.

புதிதாக அடுக்கியிருந்த பாறைகளை எடுத்து, மணலை வாரி, காசுகளைக் கண்டுபிடித்தோம். பச்சை பூத்திருந்தன. தண்ணீரை எல்லாம் இறைத்துவிட வேண்டும், மணலை வீசிவிட வேண்டும், புதுத் தண்ணீர் விட்டு, செம்பை இழுக்கும் பொருளைப் போட்டு, திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். ஒரு மாதமாவது ஆகுமாம். நிச்சயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பழைய தொட்டி ரேணிகுண்டாவில் யார் வீட்டிலோ இருந்தது. புதிய தொட்டியில் எதையும் விட முடியாது. இடையில் டப்புகள் இருந்தன.

டப்பில் இருப்பது வாளியளவுத் தண்ணீர். மூன்றடித் தொட்டியே எங்களைக் கட்டிப்போட்டது என்றால், இது இன்னும் மோசம். ஏசியை நிறுத்தக் கூடாது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் காற்று பம்ப்புகளுக்கு மட்டும் போதும், ஏசிக்குப் போதாது. ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்தோம். மின்சாரம் போனதும் ஒவ்வொரு டப்பிலும் ஒரு பாட்டிலை மிதக்கவிட்டு, உருகியதை எடுத்து, அடுத்ததை விடுவோம். படுக்கையறைக் கதவைப் பாதிதான் திறப்போம், உடனே மூடுவோம். நான் லீவு போட்டேன். வெளியே வெயில் கொளுத்தியது. ஹாலில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மீன்கள் ஏசியில் இருந்தன.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அது நடந்திருந்தால் தேவலை. அவள் தன் வீட்டிலேயே சத்தமில்லாமல் நடக்க ஆரம்பித்தாள். நான் கேட்பதற்கு முன்பே பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கி டப்பில் மிதக்கவிட்டேன். எதிரே ஆறடிக் கண்ணாடி காலியாக நின்றது. அதில் நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் தன் கடைத் தொட்டியில் விட்டுக்கொள்வதாக. “ஆனா சார், என் டேங்குல எல்லா ஊரு மீனும் வந்து போவும். நோய் வந்தா நான் கேரண்டி இல்ல. அந்தப் பெரிய பவளத்த ஒடைக்காம என் டேங்குல எறக்கவும் முடியாது, எடம் பத்தாது.” வேண்டாம் என்றேன். அந்தப் பவளத்தைக் கட்டைவிரல் அளவில் வாங்கினேன். இப்போது கிளைவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, இரண்டு பாறைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் படுக்கையறையில் டப்புகளின் நடுவே தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் என் மனைவி தங்கையுடன் ஸ்பீக்கரில் பேசுவது கதவு வழியாகக் கேட்டது.

“நம்ம அண்ணனும் அண்ணியும் உக்காரட்டும்டி. நான் காலைல பஸ் புடிச்சி வந்துடறேன்.”

“இன்னாக்கா, இந்த வாட்டியும் கரண்டு போச்சா? இல்ல மீனுக்கு ஜுரமா? மாமாகிட்ட குடு, நான் கேக்கறேன்.”

“அவர ஒண்ணும் சொல்லாத. அவரு வர்றதுக்குதான் இவ்ளோ பெரிய தொட்டி வாங்கினாரு. நான்தான் கெடுத்துட்டேன்.”

“நீ இன்னா கெடுத்த?”

“அத்த உடு. எல்லார்கிட்டயும் அப்பிடியே சொல்லு. நான் கெடுத்தேன்னு.”

குழாய் கையில் இருக்க, தண்ணீர் டப்பிலிருந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடங்களாக நான் வராததற்கு அங்கே அவள் என்னென்ன காரணம் சொல்லியிருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த முறை அவள் சொல்லப்போகும் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை.

தரையைத் துடைத்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலை பைகளோடு வந்தார். மீன்களைப் பிடித்துக் கொடுத்தேன். பெரிய பவளத்துக்கு உளி எடுத்து வந்திருந்தார். “நான் ஒடைக்கட்டா சார்?” என்றார். நானே உடைத்தேன். காய்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற சத்தம். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் போன பிறகு ஏசியை அணைத்தேன். வீடு முழுக்க ஒரு பம்ப்பும் ஓடாத அமைதி இருந்தது. அதில் என்னால் உட்கார முடியவில்லை. இல்லாத பம்ப்பின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இரண்டு முறை எழுந்து போய் அறையைப் பார்த்தேன்.

சித்தூர் மண்டபத்தில் எங்களைப் பார்த்ததும் தங்கை இடுப்பில் கை வைத்து நின்றாள். “வாங்க மாமா. உங்கள பரோல்ல உட்டாங்களா?”

“ஒரு நாளைக்குத்தான்.”

“அக்கா, கைய கெட்டியா புடிச்சிக்கோ. ஓடிடப் போறாரு.”

மாப்பிள்ளை வீட்டார் எதிரே உட்கார்ந்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் ஜோடியாக உட்கார்ந்தோம். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை வைத்த தட்டை இருவரும் சேர்ந்து பிடித்திருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்று, மறுபடி அதிர்ந்தது. கையை எடுக்க முடியாது. ஐயர் சொல்வது எதுவும் என் காதில் விழவில்லை. பக்கத்தில் என் மனைவியின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் அந்த அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். தட்டு மாற்றி, கும்பிட்டு, எழுந்தோம்.

“பாருங்க” என்றாள்.

கடைக்காரர் படம் அனுப்பியிருந்தார். பெரிய பவளத்தின் ஒரு துண்டு முழுக்க வெளுத்திருந்தது. இன்னொரு துண்டு மூடிக்கிடந்தது. மீன்கள் தின்கின்றன என்று எழுதியிருந்தார்.

“இன்னா ஆச்சு?”

“பாதி போச்சு.”

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கெளம்பலாமா? நான் சொல்லிக்கறேன் அவகிட்ட.”

சொல்லியிருப்பாள். புதிதாக ஒரு காரணமும் கண்டுபிடித்திருப்பாள். எனக்கோ கிளம்ப வேண்டும் போலத்தான் இருந்தது. போய்ச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும் கால்கள் வாசல் பக்கமே திரும்பியிருந்தன. கடைத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பேன், அவ்வளவுதான்.

“சாப்ட்டுட்டுப் போலாம்” என்றேன்.

முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தோம். யாரோ ஒரு பெரியவர் எதிர் வரிசையிலிருந்து என் மனைவியிடம், “இவர்தானா உன் வூட்டுக்காரரு?” என்று கேட்டார். “இவருதான்” என்றாள். போனை அவளிடம் கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். சாம்பார் வருவதற்குள் நான் வெறும் சோற்றைப் பிசைய ஆரம்பித்திருந்தேன்.