அப்பாவின் அண்டாக்கள்

என் அப்பாவுக்குப் பாத்திரப் பைத்தியம். ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இது. நான் சிரிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பைத்தியத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான்.

ஓசூர் அப்போது சின்ன ஊர். கேழ்வரகு நன்றாக விளைந்த வருஷமெல்லாம் அம்மாவுக்குப் புடவை வாங்குவதாகச் சொல்லி அப்பா பெங்களூருக்கு பஸ் ஏறுவார். திரும்பும்போது பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு செப்பு அண்டா இறங்கும்.

"இதையா நான் சுத்திக்கினு கோயிலுக்குப் போறது?" என்பாள் அம்மா.

அப்பா விரலை மடக்கி அண்டாவைத் தட்டி, "சத்தத்தக் கேளு, சத்தத்தக் கேளு" என்பார். இப்படி வந்து சேர்ந்தவை பின்கட்டு அறையை அடைத்துக்கொண்டதில், மழைக்காலத்தில் விறகு வைக்கக்கூட எங்களுக்கு இடமில்லை.

எல்லாம் ஊரார் கல்யாணத்துக்குத்தான். யார் வந்து கேட்டாலும் கொடுப்பார். வாடகை கிடையாது. என்ன சாதி, என்ன மதம், கறி சமைப்பீர்களா என்ற கேள்வி கிடையாது. தமிழில் கேட்டால் தமிழில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், எடுத்துக்கொண்டு போ என்பார். பிறகு அந்தக் கல்யாணத்துக்குப் போய், மணமக்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக அடுப்படிக்கு நடப்பார். ஒரு தடவை தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தையும் மீறி, "பாயசம் அடிபுடிக்குதுடா, தீயக் கொறைங்கடா!" என்று அவர் போட்ட கூச்சலில் மாப்பிள்ளையே தாலியை மறந்து அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டானாம்.

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்டாவின் அடியில் களி வரும், கறிக்குழம்பு வரும், சர்க்கரைப் பொங்கல் வரும். மற்ற வீடுகளில், வேற்றுச் சாதிச் சோறென்றால் வாங்கி மாட்டுக்கோ நாய்க்கோ வைத்துவிடுவார்கள். அப்பா தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். இதனால் எங்கள் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எனக்கு வரன் வேறு தட்டிக்கொண்டே போனது.

கடைசியில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தவர், காப்பி டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஆனால் அவருடைய தகப்பனார் ஒரு நிபந்தனை போட்டார்.

"யார் யார் வீட்டுச் சோறோ வெந்த பாத்திரம். கல்யாணச் சமையலுக்குப் புதுசா வாங்கிடுங்க. அதுங்களுக்கும் ஈயம் பூசிச் சுத்தம் பண்ணிடுங்க, இனிமே ஒண்ணுகூட வாசல் தாண்டக் கூடாது. சரின்னா இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாம்."

அப்பா, சமையலறைக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "ஆகட்டுங்க" என்றார். தாம்பூலம் மாறியது. பின்கட்டு அறையைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். இந்த அண்டா இரவல் நின்றால் போதும் என்று சின்ன வயதிலிருந்து நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. மத்திகிரியிலிருந்து ஒரு கிறிஸ்தவ அம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள். மகளுக்குக் கல்யாணம், அண்டா வேண்டும் என்றாள்.

"எல்லாத்தையும் ஈயம் பூசக் குடுத்திருக்கேம்மா" என்றார் அப்பா.

அவர் முதுகுக்குப் பின்னால்தான் அந்த அறையின் கம்பி ஜன்னல். உள்ளே அண்டாக்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அவள் பார்த்தாள். பார்த்ததை அப்பாவும் கவனித்துவிட்டார்.

"சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். திருடிப் பிடிபட்டவன் மாதிரி ஒரு மூஞ்சி. கெட்டிமேளத்தை மீறிக் கத்திய மனிதர் அவர்.

அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "அம்மா, நில்லுங்க!" என்று அவளைக் கூப்பிட்டபடி வாசலுக்கு ஓடினேன்.

"வேணாம் பாப்பா. உன் கல்யாணம்..." என்று அப்பா சாவிக்குக் கை நீட்டினார்.

"நீ ஒரு பக்கம் தூக்குப்பா" என்றேன்.

இருப்பதிலேயே பெரியதை அப்பாவே தலையில் கவிழ்த்துக்கொண்டு, எங்கள் சொந்தக்காரர்களின் வீட்டு வாசல்கள் வழியாகப் பட்டப்பகலில் நடந்தார். அதோடு விட்டாரா? மூடி மறைத்திருக்கலாம், அவருக்குத்தான் அது வராதே. மறுநாள் ஆனேக்கலுக்குப் போய், "குடுத்த வாக்க என்னால காப்பாத்த முடியல" என்று தானே சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அண்டாவைத் தூக்கியபோது இருந்த வீரமெல்லாம் போய், அன்று முழுக்க நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

எனக்குக் கல்யாணமாக இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று. அதற்கு நடுவில் ஒருநாள், எங்கள் தெரு வழியாக ஒரு பெண்ணழைப்பு ஊர்வலம் போனது. அது தெருமுனை தாண்டியதும் அப்பா கேட்டார்: "எம்மேல கோவமா பாப்பா?"

"ஆமா" என்றேன். "அந்த வாத்தியார நெனச்சா இன்னும் வயிறு எரியுது. ஆனா அன்னிக்கு அந்தம்மா முன்னாடி தலையத் தொங்கப் போட்டுக்கினு நின்ன பாரு. உன்ன அப்படி நிக்க வெச்சிட்டு, எந்த வீட்டுக்குப் போயி நான் ஒருவாய் சோறு திங்கறது?"

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.