ஊர் பழகும் வரை

இன்று பள்ளிபாளையம் பஸ் நிறுத்தத்தில், வந்த பஸ்ஸில் ஏறப் போனேன். ஒரு பெண்மணி தடுத்தார்.

"அண்ணா, திருச்செங்கோட்டுக்குத்தானுங்க? இது சுத்திட்டுப் போகுமுங்க. பின்னால ஒண்ணு வருது, அதுல ஏறுங்க."

தலை நரைத்திருந்தது. சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வசந்தி!

எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்களை முகாமில் தங்கவைத்தபோது, குடும்பத்துக்கு ஒருவராக எங்களைப் போன்ற இளைஞர்களைத் துணைக்குப் போட்டார்கள். "ஊர் பழகும் வரை கூட இருங்கள், போதும்" என்றார்கள்.

எனக்கு வந்தது வசந்தியின் குடும்பம். அப்போது அவள் பள்ளிக்கூடப் பெண். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எந்த பஸ் எங்கே போகும், எல்லாம் நான்தான் காட்டினேன்.

அவள் அம்மா ஒருநாள் கேட்டார்: "நாங்கள் இஞ்சை எவ்வளவு காலம் இருக்க வேணும், தம்பி?"

"ஊர் பழகற வரைக்கும் நான் இருக்கறேனுங்கம்மா" என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

"இப்ப எங்க இருக்கறே, சாமி?" என்று இன்று வசந்தியைக் கேட்டேன்.

"அதே முகாமுதானுங்கண்ணா. பேத்தியும் அங்கதான் பொறந்தா. இன்னிக்கு அதிகாரிங்க வந்து முகாமுல ஆளு எண்ணுவாங்க, வெரசாப் போகோணும். வாரேனுங்க."

பேச்சில் அவள் அம்மாவின் ஊர் கொஞ்சமும் இல்லை. அசல் நம்ம ஊர்க்காரி.

அவள் சொன்ன பஸ்ஸில்தான் ஏறினேன். சீக்கிரமே வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

அன்று என்னோடு துணைக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். ஊர் பழகிவிட்டது. அதற்கப்புறம் என்ன செய்யச் சொன்னார்கள்?