புது டிஸ்க்கில் மாறிய நீலம்

கையால் வரைந்த பழைய கார்ட்டூன் படமொன்றின் புதுப்பித்த புளூரே டிஸ்க்கைத் தம்பி இன்று கத்தாரிலிருந்து கொண்டுவந்தான். எத்தனை நாள் காத்திருந்தேன்!

போட்டால் படம் பளிச்சென்றிருந்தது. ஆனால் துப்புரவாக்குகிறோமென்று பென்சில் கோடுகளையே அழித்துவிட்டார்கள்.

"நல்லாத்தானே இரிக்கி புள்ள? கார்ட்டூனுக்குப் போய் ஏன் இவ்வளவு கவல?" என்றார் கணவர். மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடுபவர்.

அதே படத்தின் பழைய டிவிடியைப் போட்டேன்.

சற்று நேரத்தில் எழும்பி டிவிக்குக் கிட்டப் போனார்.

"யா அல்லாஹ், இந்தப் படத்துப் புள்ளட சட்ட வேற நீலமெல்லா! புதிசில சாயத்தயே மாத்திட்டானுகள். இத ஒருத்தரும் கேக்கல்லியா?"

"கார்ட்டூன் ரசிகர்கள் நாங்க கேக்கிறதான் மச்சான். கம்பனிக்குத்தான் காது கேக்கிறல்ல."

இப்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பனிக்கு முறைப்பாடு சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மூன்றாம் பக்கம் போகிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கட்சி மாறியிருக்கிறார்களா?